காலைல ஆன் பண்ணா எப்பவும் டிஸ்க் செக் ஓடுது, உதவி வேணும்

வணக்கம், பட்டர்வொர்த்துல டியூஷன் நடத்துற இடத்துல ஒரு பழைய டெஸ்க்டாப், பழைய டெபியன் லினக்ஸ், டிஸ்க்ல இஎக்ஸ்டி3 ஃபைல் சிஸ்டம். போன மாசத்துலேர்ந்து காலைல ஆன் பண்ணா "49710 நாளா செக் பண்ணல"ன்னு எஃப்எஸ்சிகே (டிஸ்க் செக் பண்ற புரோகிராம்) ஓட ஆரம்பிச்சிடுது, பிள்ளைங்க வந்து உக்காந்து காத்துக்கிட்டு இருக்காங்க பாவம். அது கிட்டத்தட்ட 136 வருஷம், கடைசியா செக் பண்ண தேதிய விட இப்போதைய தேதி முன்னாடி இருக்கிறதால 32 பிட் கணக்கு சுத்தி வருது, அதாவது பயாஸ்ல (போர்டுல) இருக்கிற தேதி பின்னாடி போயிடுது. ராத்திரி இடிக்குப் பயந்து மெயின் சுவிட்ச அடைச்சிடுவோம், மறுநாள் பார்த்தா தேதி 2009. போர்டு கடிகாரத்துக்கான சிஆர்2032 பேட்டரி புதுசு மாத்தியாச்சு, மீட்டர்ல 3 வோல்ட் காட்டுது, ஹெச்டபிள்யூகிளாக் கமாண்டால போர்டு கடிகாரத்துல நேரம் எழுதியும் பார்த்தாச்சு, பயாஸ் செட்டிங்க அழிக்கிற சிமாஸ் ஜம்பரும் சரியாதான் இருக்கு. டியூன்2எஃப்எஸ் கமாண்டால செக்கையே நிறுத்திடலாம், ஆனா பிள்ளைங்க மார்க் எல்லாம் அதுலதான் இருக்கு, மனசு வரல. போர்டு மாத்தாம, ஃபேக் ஹெச்டபிள்யூகிளாக் (கடைசி நேரத்த ஃபைல்ல வெச்சு ஆன் பண்றப்ப திரும்ப ஏத்துற புரோகிராம்) போட்டா எஃப்எஸ்சிகே ஓடுறதுக்கு முன்னாடியே தேதி ஏறிடுமா?