ஹபரணை வீதியில் எண்ணெய்க் கணக்கு: எது உண்மையில் மிச்சம் பிடிக்குது?

திருகோணமலைப் பக்கத்து வாகனக்காரரும் ஒரு கராஜ்காரரும் ஆளுக்கொரு பகுதியாகச் சொல்வது இது. எண்ணெய் என்றால் இங்கே பெற்றோல், டீசல்.

அல்டோ, உப்புவெளி

ஒரு உபாயம் எண்ணெயை மிச்சம் பிடிக்குதா என்று பார்க்க முதல், அளக்கிற முறையைச் சீராக்க வேணும். திருகோணமலையிலிருந்து ஹபரணைக்குப் போய்த் திரும்ப ஏறத்தாழ 170 கிலோமீற்றர். லீற்றருக்கு 18 ஓடும் கார் என்றால் 9.4 லீற்றர் போகும். டாங்க் நிரப்பும்போது 300 மில்லிலீற்றர் கூடக்குறைய விழுந்தாலே கணக்கு 3 சதவீதம் தள்ளிப்போகும். "இதைப் பூட்டினேன், லீற்றருக்கு அரைக் கிலோமீற்றர் கூடிட்டுது" என்கிற பேச்சில் பாதி இந்தப் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும்.

அதனால் ஒரே பெற்றோல் செட், ஒரே பம்ப், கார் ஒரே பக்கம் பார்த்து நிற்க வேணும். நொசில் முதல் தடவை "டக்" என்று நின்றதோடு விட்டுவிடுங்கோ, மேலே ஊற்றாதேங்கோ. விடிய, வெயில் ஏற முதல் அடியுங்கோ. பெற்றோல் ஒரு பாகைக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். 35 லீற்றர் டாங்க் 8 பாகை சூடேறினால் கால் லீற்றருக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும்.

ஒழுங்கு இதுதான்: பழையபடி ஒரு ஓட்டம், மாற்றத்தோடு ஒரு ஓட்டம், மாற்றத்தைக் கழற்றித் திரும்பப் பழையபடி ஒரு ஓட்டம். முதலாவதும் மூன்றாவதும் ஒத்து வராவிட்டால் நடுவில் வந்த எண்ணை நம்ப ஏலாது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். டயரையும் பெற்றோல் வகையையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று யாருக்குத் தெரியும்?

டயர் அளவு மாறியிருந்தால் ஓடின தூரம் காட்டும் ஓடோமீற்றரும் பிழை. கிலோமீற்றர் கட்டைகளோடு 20 கிலோமீற்றர் ஒத்துப் பார்த்து, அந்த வித்தியாசத்தைக் கணக்கில் சேருங்கோ.

வான், சீனக்குடா

அல்டோ அண்ணை சொன்னதோடு காற்றையும் சேர்க்க வேணும். கச்சான் காற்று (தென்மேற்கிலிருந்து வருவது) வீசுகிற மாதங்களில் ஹபரணைக்குப் போகும் திசை எதிர்க்காற்று, வரும் திசை பின்காற்று. போதாததுக்கு, போகும்போது நிலமும் கடல்மட்டத்திலிருந்து ஏறுது. ஒருவழி மட்டும் அளந்து சொல்கிற எண்ணுக்குப் பெறுமதியே இல்லை.

போய்வந்தால் காற்று சமப்படும் என்று நினைக்கிறதும் தவறு. மணிக்கு 70 கிலோமீற்றரில் ஓடும் வாகனத்துக்கு எதிரே மணிக்கு 15 கிலோமீற்றர் காற்று என்றால் அதன் தடை 47 சதவீதம் கூடும். அதே காற்று பின்னால் வந்தால் 38 சதவீதம்தான் குறையும். இரண்டையும் கூட்டிப் பிரித்தால் காற்றுத் தடையில் ஏறத்தாழ 5 சதவீதம் நட்டம். ஒப்பிடும் ஓட்டங்களை காலை 6 மணிக்கே தொடங்குங்கோ, காற்று எழும்ப முதல் முடிக்கலாம்.

வேகம் பற்றியும் ஒன்று. 70இலிருந்து 90க்கு ஏறினால் காற்றுத் தடை 65 சதவீதம் கூடும். ஒரு தொன் எடையுள்ள சின்னக் காருக்கு டயர் உருளும் தடையையும் சேர்த்தால் மொத்தச் சுமை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடும். சுமை ஏறினால் எஞ்சின் கொஞ்சம் திறமையாக எரிக்கும், ஆனபடியால் எண்ணெய்ச் செலவு அவ்வளவுக்கு ஏறாது. ஆனாலும் கடையில் விற்கிற எந்தச் சாமானும் இந்த இழப்பை ஈடுசெய்யாது. சட்டப்படியும் காருக்கு 70தானே எல்லை. அக்போபுர தாண்டினால் வீதியோரத்தில் யானை நிற்கிற இடம் வேற.

கராஜ், நிலாவெளி

எஞ்சினைத் தொடாமல் வாகனம் "கனக்குதா", அதாவது உருள விடாமல் ஏதும் பிடிக்குதா என்று பார்க்க ஒரு வழி இருக்கு. மனுவல் கியர் வாகனத்துக்குத்தான் இது. குச்சவெளிப் பக்கம் புல்மோட்டை வீதியில் சமமான, நேரான, ஆளில்லாத துண்டு ஒன்றைத் தெரிவு செய்யுங்கோ. 65க்கு ஏற்றி நியூட்ரலில் விட்டு, 60இலிருந்து 40க்கு இறங்க எத்தனை விநாடி என்று பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். சாவியை மட்டும் நிறுத்தக்கூடாது. ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும், பிரேக் கல்லாகும். இரண்டு திசையிலும் மூன்று மூன்று தடவை எடுத்துச் சராசரி பாருங்கோ. ஒரு சதவீதச் சரிவே டயர்த் தடையளவு பிழை தரும்.

ஒரு தொன் காருக்கு 30 விநாடிப் பக்கம் வர வேணும். 24, 25இல் இறங்கினால் ஏதோ பிடிக்குது. எங்கட கரையோரத்தில் முதல் சந்தேகம் பிரேக் கெலிப்பரின் (பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் பகுதி) ஸ்லைட் பின், அதாவது அது நகர்கிற கம்பி. உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகி, பேட் டிஸ்க்கோடு உரசிக்கொண்டே இருக்கும். பிரேக் அதிகம் மிதிக்காமல் பத்துக் கிலோமீற்றர் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு ரிம்முக்கும் பக்கத்தில் கையைப் பிடியுங்கோ, தொட வேண்டாம். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தச் சில்லுதான். ஜாக்கில் தூக்கிச் சுற்றிப் பார்த்தும் உறுதி செய்யலாம். பின்னைக் கழற்றி, துருவை உரஞ்சி, சிலிக்கன் பிரேக் கிரீஸ் பூசுங்கோ. சாதாரண கிரீஸ் போட்டால் றபர் பூட் ஊதி மறுபடியும் இறுகும்.

அடுத்தது தேர்மோஸ்டாட், எஞ்சின் சூட்டுக்கு ஏற்றபடி கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு. "இந்த வெயிலுக்கு அது என்னத்துக்கு" என்று கழற்றி எறிகிற பழக்கம் இன்னும் போகவில்லை. மனவருத்தமான விசயம் இது. நெடுஞ்சாலைக் காற்றில் எஞ்சின் 80 பாகைக்குக் கீழேயே நிற்கும். எஞ்சின் இன்னும் சூடேறவில்லை என்று நினைத்து ஈசியூ (எஞ்சினின் கணினி) பெற்றோலைக் கூட அடிக்கும். ஓபிடி ரீடரை (அந்தக் கணினியைப் படிக்கும் கருவி) செருகி கூலன்ட் வெப்பநிலையைப் பாருங்கோ. நீண்டகால ஃபியூவல் ட்ரிம்மும், அதாவது ஈசியூ பெற்றோலைக் கூட்டிக்குறைக்கிற சதவீதமும், அதிலேயே தெரியும்: 5க்குள் இருந்தால் நல்லம், 10க்கு மேல் நின்றால் வக்கூம் ஒழுக்கு (அளக்காத காற்று உள்ளே கசிவது) அல்லது காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சரில் ஊத்தை.

பட்டா லொறி, கிண்ணியா

தம்பிமார், லொறிக்கு முதல் எதிரி மேலே மூடும் படங்கு. தளர்வாகக் கட்டின படங்கு காற்றில் அடிபட்டுப் பலூன் மாதிரி நிற்கும். முன்பக்கம் தாழ்வாக, கேபினோடு ஒட்டி, 40 சென்ரிமீற்றருக்கு ஒரு கட்டுப் போட்டு இழுக்க வேணும். மீன் இறக்கித் திரும்பும்போது வெறும் கூட்டின் மேல் படங்கை விரித்துக்கொண்டு வராமல் சுருட்டி உள்ளே வையுங்கோ.

டயர் காற்றை, டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்கணும். 10 பாகை சூட்டுக்கு ஒன்றரை பி.எஸ்.ஐ. ஏறும். கந்தளாயில் நிறுத்திச் சூட்டோடு பார்த்து "கூடிட்டு" என்று இறக்கினால், விடிய டயர் குறைவாகத்தான் இருக்கும்.

100 சிசி மோட்டார் சைக்கிள், தம்பலகாமம்

கிண்ணியா நானா சொன்ன டயர் காற்று எங்களுக்கும் பொருந்தும். கார்பரேட்டர் வண்டிக்கு டாங்க் நிரப்பி அளக்கத் தேவையில்லை. டாங்க்கின் பெற்றோல் கொக்கை (வால்வை) மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை விடுங்கோ. அளவுக்கோடு போட்ட போத்தலில் 200 மில்லிலீற்றர் பெற்றோலை எடுத்துக் குழாயோடு இணைத்து, சூடான எஞ்சினோடு, அது தீரும் வரை ஓடுங்கோ. போத்தலை உறுதியாகக் கட்டுங்கோ, சைலன்சருக்குக் கிட்டக் குழாய் போகக்கூடாது.

ஏர் ஃபில்டர் அடைத்தால் கார்பரேட்டரில் கலவை தடித்து (காற்றுக்குப் பெற்றோல் கூடி) எண்ணெய் குடிக்கும். ஈஎஃப்ஐ (கணினி பெற்றோலை அளந்து அடிக்கிற) காரில் சக்திதான் குறையும், லீற்றர் கணக்கு பெரிதாக மாறாது. செயின் தொய்வு 20 முதல் 30 மில்லிமீற்றர். மணல் ஏறின செயினை மண்ணெண்ணெயில் கழுவி, காயவிட்டு, 90 கியர் ஒயில் விடுங்கோ.

ஹைபிரிட், ஓர்ஸ்ஹில்

ஒக்ரேன் 92 பெற்றோலுக்குச் செய்த எஞ்சினுக்கு 95 அடித்தால் எண்ணெய் மிஞ்சாது. ஒக்ரேன் என்பது நொக்கிங்கை (பெற்றோல் நேரம் தவறி எரிந்து எஞ்சின் தட்டுவதை) தாங்கும் அளவு மட்டும்தான். எண்ணெய் மிஞ்சும் என்று பெற்றோல் குழாயில் மாட்டும் காந்தத்துக்கும் காசைக் கொடுக்காதேங்கோ.

எங்கட வாகனத்துக்குத் தனியாக ஒரு நிபந்தனை: தொடங்கும்போது பற்றரி எத்தனை கட்டமோ, முடிக்கும்போதும் அத்தனை கட்டம் நிற்க வேணும். இரண்டு கட்டம் குறைவாக வந்து சேர்ந்தால், அந்த ஓட்டத்தின் எண் உண்மையை விட நல்லதாகவே தெரியும். அதைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுங்கோ.