கல் உடைக்கும் மெஷினில் டோகல் பட்டை: என் அனுபவம்

கல் உடைக்கும் மெஷினில் தாடையைப் பின்னாலிருந்து தாங்கும் டோகல் பட்டையைக் கனமான எஃகில் போட்டால் உறுதியாக இருக்குமே என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம் தம்பி. ஏன் என்று சொல்கிறேன்.

மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட்டில் என் வீட்டுப் பின்னால் சின்னதாக ஒரு தாடை மெஷின் ஓடுகிறது. ரோட்டுக் கல் உடைக்க எலி விட்னி பிளேக் 1858-இல் காப்புரிமை வாங்கினாரே, அதே அடிப்படைதான். ஒரு தாடை அசையாது. இன்னொன்று முன்னும் பின்னும் போய்வந்து கல்லை நெரிக்கும். தாடைகளுக்கு லோரி ஸ்பிரிங் பட்டை. மோட்டாரில் 3 அங்குல புல்லி, ஃப்ளைவீல் (தாடையை ஓட்டும் கனத்த சக்கரம்) பக்கம் 15 அங்குலம். நிமிடத்துக்கு 1,450 சுற்று 290-க்கு இறங்கிவிடும்.

அசையும் தாடையின் அடிப்பக்கத்தைப் பின்னாலிருந்து முட்டுக் கொடுத்துத் தாங்குவதுதான் டோகல் பட்டை. நெரிக்கும் விசையில் பெரும்பங்கு அதன் வழியாகத்தான் போகும். அதனால்தான் மெஷினிலேயே முதலில் உடையக்கூடியதாக அது இருக்க வேண்டும். போன மழைக்காலத்தில் கல் குவியலோடு மண்வாரி இயந்திரத்தின் பல் ஒன்று, மண் அப்பிக் கல் மாதிரியே உள்ளே போய்விட்டது. ‘டமார்’ என்று ஒரே சத்தம். ஃப்ளைவீல் சுற்றுகிறது, தாடை தொளதொளவென்று தொங்குகிறது. நின்றபிறகு கழற்றிப் பார்த்தால் வார்ப்பிரும்புப் பட்டை சரியாக இரண்டு துண்டு. முறிந்த இடம் சாம்பல் நிறத்தில், சர்க்கரை மாதிரி பொரபொரவென்று இருந்தது. ஷாஃப்ட், பேரிங், வெல்டிங் எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. வேறு பட்டை அறுத்து வைத்திருந்தேன். மாட்டிச் சாயங்காலமே ஓட்டினேன். அது கெட்டி எஃகாக இருந்திருந்தால் ஷாஃப்ட்டே வளைந்திருக்கும்.

சுவிட்சை அணைத்த பிறகும் ஃப்ளைவீல் கொஞ்ச நேரம் சுற்றும். முழுசாக நிற்கும்வரை தாடைக்குள் கையை விடவே கூடாது.

அப்புறம் தூசி. எங்கள் ஊர்ச் சுண்ணாம்புக் கல் மிருதுவானது, சுலபமாக நொறுங்கும். மலைத்தொடர் பக்கத்துக் கருங்கல் அப்படி இல்லை. அதில் குவார்ட்ஸ் என்ற சிலிக்கா கனிமம் நிறைய. உடைக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கிவிட்டால் அந்தப் பாதிப்பை மாற்றவே முடியாது. துணி மாஸ்க் போதாது. நான் தாடைக்கு மேல் ஒரு குழாய் கட்டிக் கல்லை நனைத்துக்கொண்டேதான் உடைக்கிறேன். மோட்டாருக்குத் தகர மறைப்பும், மின்சாரம் கசிந்தால் தானே அணைந்துவிடும் எர்த் லீக்கேஜ் சுவிட்சும் கட்டாயம் வேண்டும்.

தம்பி, நீங்கள் உடைக்கப்போவது சுண்ணாம்பா, கருங்கல்லா? அதைச் சொன்னால் பட்டை எவ்வளவு கனம் என்று பேசலாம்.