சிபியு ஃபேன் ஓயாமல் ஏறி இறங்குகிறது, லினக்ஸில் ஆர்பிஎம்மும் (ஃபேன் சுழலும் வேகம்) தெரியவில்லை

பச்சைத்திரை:
ரைசன் 5 5600, பெட்டியோடு வந்த கூலர், ஏசுஸ் பி550 போர்டு, ஆர்எக்ஸ் 6600, உபுண்டு 24.04. பிரவுசரில் ஒரு டேப் திறந்தாலே ஃபேன் ‘ஊய்’ என்று கத்திவிட்டு உடனே அடங்குகிறது. சும்மா இருக்கும்போது 45 டிகிரி, திடீரென்று 60, மறுபடி 45. சிபியுவுக்கும் கூலருக்கும் நடுவே பூசிய பேஸ்ட் காய்ந்துவிட்டதா? ‘சென்சார்ஸ்’ கட்டளையில் கே10டெம்ப் (சிபியுவின் சூடு) மட்டும்தான் வருகிறது. கேபினட் ஃபேன் இரண்டும் எந்நேரமும் முழு வேகத்தில் ஓடுகின்றன.

வெப்பமானி:
பேஸ்ட் மேல் பழி போடாதீங்க. ஒரே ஒரு கோர் பூஸ்ட் ஆனாலே (தானாக வேகம் கூட்டினாலே) ரைசனில் கண நேரத்துக்கு 10–15 டிகிரி ஏறும். சில்லு சின்னது, சூடு ஹீட்சிங்க்குக்குப் போவதற்குள் சென்சார் சொல்லிவிடும். ஃபேன் அதைத் துரத்துவதுதான் உங்களுக்குக் கேட்கும் சத்தம்.

பயாஸில் (பூட் ஆகும்போது திறக்கும் போர்டு அமைப்புத் திரை) க்யூ-ஃபேன் என்ற ஃபேன் வேகப் பகுதிக்குப் போய், 60 டிகிரி வரை வேகக் கோட்டைத் தட்டையாக, 35–40 சதவீதத்தில் வையுங்க. 70 டிகிரிக்கு 60 சதவீதம், 80-க்கு 85, 85-க்கு 100. ஸ்டெப் அப் (வேகம் ஏற எடுக்கும் நேரம்) 5 நொடி அளவில், ஸ்டெப் டவுன் (இறங்க எடுக்கும் நேரம்) அதைவிடக் கூடுதலாக. முக்கால்வாசி பிரச்சினை இதிலேயே தீர்ந்துவிடும்.

பேஸ்டைச் சோதிக்க ‘ஸ்ட்ரெஸ்-என்ஜி’ என்ற பளு ஏற்றும் நிரலை எல்லா கோரிலும் பத்து நிமிடம் ஓட்டுங்க. இந்த சிபியுவின் உச்ச வரம்பு 90. சின்ன கூலர், அறையே 33 டிகிரி என்றால் 80-ஐத் தாண்டுவது சகஜம். ஓட்டிய உடனே 90-ல் முட்டி கிளாக்கும் (சிபியு வேகம்) இறங்கினால் மட்டும் கூலரைக் கழற்றலாம். அப்போதும் நேராக மேலே இழுக்காதீங்க, ஏஎம்4-ல் (உங்கள் போர்டின் சாக்கெட் வகை) சிபியுவும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். முதலில் கொஞ்சம் சூடாக்கி, பிறகு திருகித் திருகி எடுங்க.

சால்டர்புகை:
கேபினட் ஃபேன் 3-பின்னா என்று பாருங்கள். பிடபிள்யூஎம் முறையில் இருக்கும் ஹெட்டர் (போர்டில் ஃபேனைச் செருகும் இடம்) எப்போதும் 12 வோல்ட்டையே கொடுக்கும். வேகத்தைச் சொல்வது நான்காவது பின். 3-பின் ஃபேனில் அது இல்லை, அதனால் முழு வேகம். அந்த ஹெட்டரை மட்டும் டிசி முறைக்கு (வோல்ட்டையே குறைத்து வேகத்தைக் குறைப்பது) மாற்றுங்கள். 40 சதவீதத்துக்குக் கீழே போகாதீர்கள், 5 வோல்ட்டுக்கு அருகில் பல ஃபேன்கள் நின்றுவிடும்.

கர்னல்பித்தன்:
ஆர்பிஎம் தருவது சிபியு இல்லை, போர்டில் இருக்கும் சூப்பர் ஐஓ சில்லு. ‘சென்சார்ஸ்-டிடெக்ட்’ ஓட்டுங்க. நுவோட்டான் என்சிடி6798 என்று வந்தால் ‘என்சிடி6775’ மாட்யூலை (கர்னல் டிரைவர்) ‘மோட்ப்ரோப்’ கட்டளை போட்டு ஏற்றணும் (பெயர் பழைய சில்லுடையது, பயப்படாதீங்க). ஆக்ஸ்டின் (கூடுதல் வெப்ப சென்சார்) வரிசையில் 127, மைனஸ் 60 மாதிரி எண்கள் வந்தால் விட்டுத்தள்ளுங்க. அந்த இடத்தில் சென்சாரே பொருத்தப்படவில்லை.

லினக்ஸிலிருந்தே கட்டுப்படுத்த ‘பிடபிள்யூஎம்கான்ஃபிக்’ இருக்கு. எந்த ஃபேன் எதற்கு என்று கண்டுபிடிக்க அது ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கும், அதனால் பளு எதுவும் ஓடாத நேரத்தில் செய்யுங்க. என் கருத்து: சிபியு ஃபேனை பயாஸிடமே விடுங்க. பிடபிள்யூஎம்கான்ஃபிக் எழுதும் கான்ஃபிக்கை வைத்து ஃபேனை ஓட்டும் ‘ஃபேன்கன்ட்ரோல்’ சேவையை வலுக்கட்டாயமாகக் கொன்றால் ஃபேன் கடைசி வேகத்திலேயே உறைந்துவிடும். கேபினட் ஃபேனுக்குத்தான் அது உண்மையில் உதவும்: பயாஸுக்குக் கிராஃபிக்ஸ் கார்டின் சூடு தெரியாது, ஏஎம்டிஜிபியு டிரைவர் வழியாக ஃபேன்கன்ட்ரோலால் அதைப் படிக்க முடியும்.

பச்சைத்திரை:
கோட்டைத் தட்டையாக்கியதும் சத்தம் நின்றது. கேபினட் ஃபேன் 3-பின்தான், டிசிக்கு மாற்றிவிட்டேன். மாட்யூலும் ஏறியது. ஆனால் ரீபூட் செய்தால் ஃபேன்கன்ட்ரோல் தொடங்க மறுக்கிறது, கான்ஃபிக் பழையதாம்.

கர்னல்பித்தன்:
டிரைவர்கள் ஏறும் வரிசை மாறினால் எச்டபிள்யூமான் எண்ணும் (ஒவ்வொரு சென்சார் சில்லுக்கும் லினக்ஸ் தரும் எண்) மாறும். முன்பு 2 ஆக இருந்தது இப்போது 3. தவறான ஃபேனை ஓட்டிவிடக் கூடாது என்றுதான் சேவை நின்றுகொள்கிறது. என்சிடி6775-ஐ ‘மாட்யூல்ஸ்’ கோப்பில் எழுதி, பூட் ஆகும்போதே ஏறும்படி செய்யுங்க, பிறகு பிடபிள்யூஎம்கான்ஃபிக்கை மறுபடி ஓட்டுங்க. பெரும்பாலும் எண் நிலைத்துவிடும். சஸ்பெண்டிலிருந்து எழுந்த பிறகு ஃபேன் பேச்சைக் கேட்கவில்லை என்றால் சேவையை ரீஸ்டார்ட் செய்தால் போதும்.