அவசரம்: வெளிநாட்டுத் தொலைபேசி எண் மட்டும் ‘செல்லாத எண்’ என்று திரும்பி வருகிறது

செந்தூரன்:
வணக்கம். பதிவுப் படிவத்தில் தொலைபேசி எண்ணைச் சரிபார்க்கும் பகுதி இரண்டு நாட்களாக உயிரை வாங்குகிறது. உள்நாட்டு எண்கள் தடையின்றிப் பதிவாகின்றன. வெளிநாட்டு எண் என்றால் உலாவி சரி என்கிறது, சர்வர் ‘செல்லாத எண்’ என்கிறது. நாளை காலை தளம் வெளியாக வேண்டும். யாராவது உதவுங்கள்.

கயல்விழி:
எந்த எண்ணைக் கொடுத்தீர்கள்? எந்த லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு)? சர்வருக்கு எப்படி அனுப்புகிறீர்கள்?

நிரல்மணி:
எண்ணின் வடிவத்தைச் சோதிக்கும் ரெகெக்ஸ் விதிதான் காரணம். இலக்க எண்ணிக்கையை உள்நாட்டு அளவுக்கு இறுக்கியிருப்பீர்கள். தொலைபேசி எண்களுக்கான சர்வதேசத் தரமான ஈ.164-இன்படி நாட்டுக் குறியீட்டோடு சேர்த்து 15 இலக்கம் வரை போகலாம்.

அரவிந்தன்:
இங்கே எத்தனை முறை எழுதியிருக்கிறேன்! தொலைபேசி எண்ணைக் கூட்டவோ பெருக்கவோ போவதில்லை. அதை எழுத்துச் சரமாகத்தான் வைக்க வேண்டும். அடிப்படையைப் படிக்காமல் படிவம் கட்டினால் இப்படித்தான் ஆகும். தரவுத்தளத்தில் முழுஎண்ணாக வைத்திருப்பீர்கள். குறியுள்ள 32 பிட் முழுஎண்ணின் உச்சவரம்பு 2147483647. நாட்டுக் குறியீடு சேர்ந்த எண் அதில் எங்கே அடங்கும்?

செந்தூரன்:
ஐயா, தரவுத்தளம் வரை போகவே இல்லை. அங்கேயும் சரம்தான். ரெகெக்ஸ் இல்லை, உலாவி, சர்வர் இரண்டு பக்கமும் எண்களைச் சரிபார்க்கும் லிப்ஃபோன்நம்பர் லைப்ரரிதான்.

பூங்குழலி:
முன்னால் இருக்கும் சுழியத்தை நீக்கிப் பாருங்கள். பிரிட்டனில் +44 (0)20 என்று எழுதும் பழக்கம் உண்டு. அந்தச் சுழியம் உள்நாட்டில் அழைக்க மட்டுமே.

யாழன்:
கண்ணை மூடிக்கொண்டு நீக்காதீர்கள். இத்தாலியின் தரைவழி எண்களில் சுழியம் எண்ணோடு சேர்ந்தது. ரோம் நகரை வெளிநாட்டிலிருந்து அழைத்தாலும் +39 06 என்றுதான் தொடங்க வேண்டும்.

பூங்குழலி:
நான் சொன்னது பிரிட்டனைப் பற்றி.

யாழன்:
படிப்பவர் எல்லா நாட்டுக்கும் அதையே எழுதிவிடுவார். ரஷ்யாவில் உள்நாட்டு முன்னொட்டு 8, ஹங்கேரியில் 06. சுழியத்தை வெட்டும் ஒரே விதியை வைத்துக்கொண்டு இதையெல்லாம் எப்படிச் சமாளிப்பீர்கள்?

கயல்விழி:
இந்த வழக்கைப் பிறகு பேசலாம். செந்தூரன், எண் சர்வருக்கு வந்து சேர்ந்த வடிவத்தை சர்வரின் பதிவேடான லாகிலிருந்து எடுத்து, மேற்கோள் குறிக்குள் அப்படியே ஒட்டுங்கள்.

செந்தூரன்:
" 442079460123"
இது பிரிட்டனில் நாடகங்களுக்கென ஒதுக்கிய எண்களில் ஒன்று. முன்னால் ஓர் இடைவெளி இருப்பதை இப்போதுதான் பார்க்கிறேன்.

கயல்விழி:
அந்த இடைவெளிதான் உங்கள் கூட்டல் குறி. படிவத் தரவைக் குறியாக்கும் முறையில் + என்றால் இடைவெளி என்று பொருள். உண்மையான கூட்டல் குறி %2B என்று மாறிப் போக வேண்டும். நீங்கள் புலங்களைக் கையால் ஒட்டிச் சரமாக்கி அனுப்புகிறீர்கள், சரிதானே? கூட்டல் குறி இல்லாத எண்ணை லைப்ரரி, நீங்கள் குறித்துக்கொடுத்த இயல்பு நாட்டின் எண்ணாகவே படிக்கும். உள்நாட்டு எண்ணின் முன்னால் நாட்டுக் குறியீடு வெறுமனே நின்றாலும் அதை இனங்கண்டு பிரித்துவிடும். அவை தப்பியது அதனால்தான். சர்வரில் ஒரு கூட்டல் குறியை ஒட்டவைத்து ஒப்பேற்றாதீர்கள். குறியீடே இல்லாமல் வரும் உள்நாட்டு எண் கெட்டுவிடும். அனுப்பும் இடத்தில் உலாவியிலேயே இருக்கும் யுஆர்எல்சர்ச்பாராம்ஸ் கருவியைப் பயன்படுத்துங்கள், குறியாக்கத்தை அதுவே பார்த்துக்கொள்ளும்.

அரவிந்தன்:
எப்படியிருந்தாலும் சரமாக வைப்பதுதான் முறை.

யாழன்:
சரமாகத்தான் வைத்திருப்பதாக அவர் முதலிலேயே சொல்லிவிட்டாரே.

செந்தூரன்:
கையால்தான் ஒட்டியிருந்தேன் அக்கா. மாற்றிவிட்டேன், சரியாகிவிட்டது. ரோம் எண்ணும் பதிவாகிறது. மிக்க நன்றி.

பூங்குழலி:
ரோம் எண்ணைச் சுழியத்தோடு கொடுத்தீர்களா, இல்லாமலா?