சின்ன வயசு வாத்தியார்களிடம் ஊதுவாத்தியம் கற்றவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

என் மகளுக்கு நாகஸ்வரம் சொல்லித் தருபவருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. மாவட்ட அரசு இசைப்பள்ளியில் மூன்று ஆண்டுப் படிப்பு முடித்தவர், கல்யாண மேளத்துக்கும் போகிறார். "இவ்வளவு சின்னப் பையனா?" என்று மாமியார் தயங்கினார். அவர் பாடம் நடத்துவதைக் கேட்டபின் அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

முதலில் வாத்தியத்தையே தரவில்லை. வாயில் வைத்து ஊதும் சீவாளியை மட்டும் கொடுத்து, நனைத்து, உதட்டில் பிடித்து, சத்தம் ஆடாமல் ஊதச் சொன்னார். சில வாரங்கள் அதுதான் பாடம். அப்புறம்தான் காரணம் புரிந்தது. நாகஸ்வரத்தில் விரலுக்கு இருப்பது ஏழு துளை. வருவது தாழ்ந்த 'ரி'யான சுத்த ரிஷபமா, அதைவிட உயர்ந்த சதுஸ்ருதி ரிஷபமா என்பதை மூச்சின் அழுத்தமும் உதட்டுப் பிடியும் சேர்ந்துதான் தீர்மானிக்க வேண்டும். ஆரம்பப் பாடமான மாயாமாளவகௌளை ராகச் சரளிவரிசையில் சுத்த ரிஷபம்தான் வர வேண்டும், மகளுக்கு அது ஏறிக்கொண்டே போகும். அவர் கோபப்பட மாட்டார். "எனக்கும் இங்கேதான் ஏறும் பாப்பா, என் உதட்டைப் பாரு" என்று பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவார். தான் தடுமாறிய இடம் இன்னும் மறக்காதவரால்தான் அப்படிச் சொல்லித்தர முடிகிறது.

சொந்த வாத்தியம் வாங்கும்போது நரசிங்கம்பேட்டைக்கு அவரே கூட வந்தார். நாகஸ்வரத்துக்காக 2022-இல் புவிசார் குறியீடு பெற்ற ஊர். ஆச்சா மரத்தில் கடைந்த ஒவ்வொன்றையும் ஊதிப் பார்த்துப் பொறுமையாகத் தேர்ந்தெடுத்தார். அதற்குத் தனியாகப் பணம் வாங்க மறுத்துவிட்டார்.

ஒன்று தெரிந்துகொண்டு சேருங்கள். முகூர்த்த மாதங்களில் வகுப்பு தவறும். ஆடியிலும் மார்கழியிலும் அதை ஈடுகட்டிவிடுவார். தவறிய மாதத்துக்கும் நாங்கள் சம்பளத்தைக் குறைப்பதில்லை. மேளத்துக்குப் போய் வாசித்தால்தானே அவருடைய கை ஓடும்!

*

நான் டிரம்பெட். எங்கள் தேவாலய பேண்டில் வாசிக்கும் கல்லூரி மாணவர் ஒருவர்தான் ஆசிரியர், நான் அவரைவிட இருபது வயது மூத்தவன். அவர் என்னை "அண்ணே" என்பார், நான் அவரை "சார்" என்பேன்.

அவரிடம் எனக்குப் பிடித்தது, ஓய்வைக் கட்டாயமாக்கியது. எவ்வளவு நேரம் ஊதினோமோ அவ்வளவு நேரம் உதட்டுக்கு விடுப்பு. மேல் சுரம் வரவில்லை என்று மவுத்பீஸை வாயோடு அழுத்தினால் உடனே நிறுத்திவிடுவார். "அழுத்தினா உதட்டுக்கு ரத்தம் போகாது அண்ணே, காத்தைக் கூட்டுங்க." வெறும் மவுத்பீஸில் உதட்டை அதிரவைத்துப் பாட்டின் மெட்டைக் கொண்டுவரச் சொல்வார். மூன்று வால்வுகளை வைத்துக்கொண்டு இத்தனை சுரம் எப்படி என்று எனக்கிருந்த சந்தேகம் அதில் தீர்ந்தது: உதட்டின் அதிர்வு மாறினாலும் சுரம் மாறும்.

கீபோர்டோடு சேரும்போது ஒரு சுரம் தள்ளிக் கேட்கிறதே என்று கேட்டேன். டிரம்பெட் பி ஃபிளாட் வாத்தியம், நாம் சி வாசித்தால் கீபோர்டில் அது பி ஃபிளாட், அதனால் ஒரு முழுச் சுரம் ஏற்றி எழுதிக்கொள்ள வேண்டும் என்று தாளில் போட்டுக் காட்டினார்.

*

நான் சொல்லித் தருகிற பக்கத்தில் இருப்பவள். நாகஸ்வரம்தான். பெண் என்பதால் "மூச்சு தாங்குமா?" என்று இன்றும் கேட்கிறார்கள். மதுரையில் எம்.எஸ். பொன்னுத்தாய் அம்மா அந்தக் காலத்திலேயே வாசித்துக் காட்டிவிட்டார். நாகஸ்வரம் வாசிக்கும் காலீஷாபி மஹபூப் அம்மாவுக்கும் அவர் கணவருக்கும் 2020-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். பிள்ளையைச் சேர்க்க வரும் அம்மாக்களிடம் இதைத்தான் சொல்கிறேன்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் சத்தத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். என் மாணவிகள் சிலர் கோயில் நிர்வாகத்தில் கேட்டு, காலையில் மண்டபத்தில் சாதகம் செய்கிறார்கள். உங்கள் ஊர்க் கோயிலிலும் கேட்டுப் பாருங்கள்.