மிக்கேலா கோல் ஏன் 10 லட்சம் டொலரை வேண்டாம் எண்டவ?

மேடைக்கிளி (ஈஸ்ட் ஹாம்):
நான் ஒரு தனிநடிப்பு நாடகம் எழுதி மேடையேத்தினனான். கலியாணம் பேச வந்த புரோக்கர் மாமியிட்ட அகப்பட்டு முழிக்கிற ஒரு பெட்டையின்ர கதை. சனம் நல்லாச் சிரிச்சது. இப்ப ஒரு கொம்பனி அதைத் தொடரா எடுக்கக் கேக்குது. நடிக்கிறதும் நான்தான். ஆனா முழு உரிமையையும் எழுதித் தரட்டாம். நல்ல காசு. பிரிட்டிஷ் எழுத்தாளரும் நடிகையுமான மிக்கேலா கோல் இப்பிடி வந்த நெட்ஃபிளிக்ஸ் காசையே வேண்டாம் எண்டவவாம். ஏன்?

திரைக்குப்பின்னால்:
தங்கச்சி, இப்ப கையெழுத்து வைக்காதேங்கோ.

அவவும் உங்களைப் போல தனிநடிப்பில தொடங்கினவதான். 2012இல 'சூயிங் கம் ட்ரீம்ஸ்' எண்ட அவவின்ர நாடகம் லண்டன் ஹாக்னி விக்கில த யார்ட் எண்ட சின்ன அரங்கில மேடையேறினது. 2014இல நேஷனல் தியேட்டர், 2015இல இ4 தொலைக்காட்சியில தொடர். கடும் கிறிஸ்தவ வீட்டில வளந்த கதாநாயகி ட்ரேசி, 24 வயசில ஆசைப்பட்டதையெல்லாம் செய்து பாக்க வெளிக்கிடுவா. ஏதாவது அவமானப்பட்ட உடன கமராப் பக்கம் திரும்பி, கண்ணை உருட்டி எங்களிட்டயே நியாயம் கேப்பா. அப்பிடி ஒரு வேடத்தை வேற ஆரும் அவவுக்கு எழுதிக் குடுத்திருக்க மாட்டினம். 2016இல அந்த நடிப்புக்கு பாஃப்டா எண்ட பிரிட்டிஷ் விருது கிடைச்சது.

எழுதி நடிச்சாப் போதும், எல்லாம் எங்கட கையில எண்டு நினைக்காதேங்கோ. 2018இல எடின்பரோ தொலைக்காட்சி விழாவில அவ பேசின மக்டாகார்ட் உரையைக் கட்டாயம் கேளுங்கோ. தன்ர சொந்தத் தொடரின்ர படப்பிடிப்பிலயே அஞ்சு நடிகரை ஒரே கரவனுக்குள்ள நெருக்கிவிட்டிருந்ததை அதில சொல்லுவா.

அடுத்தது 'ஐ மே டிஸ்ட்ராய் யூ' எண்ட தொடர். தனக்கு நடந்த பாலியல் வன்முறையில இருந்து எழுதின கதை. ஆனாலும் இடையிடையே சிரிப்பு வரும். நெட்ஃபிளிக்ஸ் 10 லட்சம் டொலர் தர வந்தது. காப்புரிமையில 5 வீதமாவது வேணும் எண்டு கேட்டா. பிறகு 2, 1, கடைசியில அரை வீதம். அதுவும் இல்லை எண்டிச்சினம். பிபிசி உரிமையையும் குடுத்து, நிர்வாகத் தயாரிப்பாளர் இடமும் குடுத்தது. 2020இல 12 பகுதி வந்தது, பன்னிரண்டையும் எழுதினது அவ. 2021இல எழுத்துக்கு எம்மி எண்ட அமெரிக்கத் தொலைக்காட்சி விருது.

தன்ர உடம்புக்கு நடந்ததை முழுசா வித்துப்போட்டு, பிறகு அதில ஒரு வரியை வைச்சிருக்கவும் ஆரிட்டயோ அனுமதி கேக்கிறதோ? உங்கட மாமிக் கதையும் உங்கட வீட்டில இருந்து வந்ததுதானே.

பழையபடம்_பிரியன் (திருச்சி):
இதற்கு முன்னோடி அமெரிக்க நகைச்சுவை நடிகை லூசில் பால், சகோதரி. 1951-ல் அவர் நடித்த 'ஐ லவ் லூசி' தொடரை நியூயார்க்கில் இருந்து நேரலையாகத் தரச் சொன்னது சிபிஎஸ் தொலைக்காட்சி. அவரும் கணவரும் ஹாலிவுட்டில் ஃபிலிமில்தான் எடுப்போம் என்று நின்றார்கள். செலவு கூடும் என்றதும் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, ஃபிலிமின் உரிமையைக் கேட்டு வாங்கினார்கள். மறு ஒளிபரப்பில் காசு கொட்டியது. எழுதியது வேறு ஆட்கள்தான், ஆனாலும் பிற்பாடு ஸ்டூடியோவே அவர் கைக்கு வந்தது.

நிதானம்:
எல்லாராலும் வேண்டாம் எண்டு சொல்லேலாது, வாடகை கட்ட வேணும். வித்துப்போடாமல் 'ஒப்ஷன்', அதாவது குறிச்ச காலத்துக்குள்ள கதையை வாங்கி எடுக்கிற வாய்ப்பை மட்டும் குடுக்கலாமோ எண்டு கேளுங்கோ பிள்ளை. மேடை உரிமையைத் தனியா எடுத்து வையுங்கோ. ரைட்டர்ஸ் கில்ட் எண்ட எழுத்தாளர் சங்கத்தில உறுப்பினராச் சேந்தால் ஒப்பந்தத்தை வாசிச்சுச் சொல்லுவினம்.

மேடைக்கிளி:
நன்றி அண்ணை. ஒப்ஷன் எவ்வளவு காலத்துக்குக் குடுக்கிறது?

நிதானம்:
வழமையா 12 இல்லாட்டி 18 மாசம். அதுக்குள்ள எடுக்காட்டி கதை உங்களிட்டத் திரும்பி வரவேணும் எண்டு எழுத்தில இருக்கட்டும்.