புல்தரையில் விழுந்த ஒற்றையடிப் பாதை: முள்கம்பி போடலாமா?

தாம்பரம்வாசி:
எங்கள் நகரின் திறந்தவெளி மனை இரண்டு ஆண்டுகளுக்கு முன் பூங்காவானது. சுற்றிலும் சிமென்ட் கல் நடைபாதை, நடுவில் கொரியன் புல். ஒரு மூலையில் வாசல், எதிர் மூலையில் இன்னொரு வாசல், அதையொட்டிப் பால் பூத். சுற்றிக்கொண்டு யார் போவார்கள்? குறுக்கே நடந்து நடந்து ஓரடி அகலத்துக்கு மண் தெரிகிறது. மூன்று முறை கயிறு கட்டினோம். மூன்றும் காணவில்லை. அதில் ஒன்று எங்கள் தெரு மாடி ஒன்றில் துணி காயப் பயன்படுகிறது. கேட்டால் சண்டை வரும். இப்போது செயலாளர் முள்கம்பி என்கிறார். நான் பொருளாளர். பணம் கொடுக்கலாமா?

பச்சைக்கோடு:
கொடுக்காதீர்கள். பூங்கா வடிவமைப்பு என் தொழில். உங்கள் வரைபடத்தில் விட்டுப்போன கோட்டை ஊர்க்கால்கள் போட்டிருக்கின்றன, அவ்வளவுதான். நியூயார்க் சென்ட்ரல் பார்க்குக்கு 1858இல் நடந்த வடிவமைப்புப் போட்டியில், ஊர்ப் போக்குவரத்துக்குக் குறுக்குச் சாலைகள் கட்டாயம் என்பது விதி. வென்ற ஓல்ம்ஸ்டெட்டும் வாக்ஸும் அந்த நான்கு சாலைகளையும் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். வண்டியும் போனது, உலாவுகிறவர் கண்ணிலும் படவில்லை. உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். அந்தத் தடத்தையே ஐந்தடிப் பாதையாக்குங்கள், எதிரெதிரே வரும் இருவர் ஒதுங்காமல் போகலாம். ஒரு கேள்வி: தடம் நேராகப் போகிறதா, எங்காவது வளைகிறதா?

வேப்பநிழல்:
பாதை இருக்கட்டும், மரம் எங்கே? மே மாத வெயிலில் அந்தப் புல்லுக்கு ஊற்றும் தண்ணீரில் பத்துப் புங்கன் வளர்ந்துவிடும். புதுப் பாதைக்கு மேற்கே வரிசையாக நடுங்கள், மாலை வெயில் மறையும். மகிழமும் நல்லது, மெதுவாகத்தான் வளரும். சிமென்ட் கல்லைத் தூர் வரை கொண்டுபோய் இறுக்கிவிடாதீர்கள். 2016 வர்தா புயலில் எங்கள் தெருவில் சாய்ந்த மரங்களின் வேர், தட்டில் வைத்ததுபோல மேலாகவே படர்ந்திருந்தது.

தாம்பரம்வாசி:
காலை ஆறரைக்குப் போய்ப் பார்த்தேன். தடம் நேராக வந்து, நடுவில் இடப்பக்கம் ஒரு வளைவு வளைந்து, மறுபடி நேராகிறது. அங்கே மரமும் இல்லை, கல்லும் இல்லை. குனிந்து தொட்டால் சொதசொதவென்றிருக்கிறது.

பச்சைக்கோடு:
அடியில் குழாய் கசிகிறது. அல்லது மழைநீர் அங்கே வந்து தேங்குகிறது. இரண்டு நாள் மோட்டாரை நிறுத்திப் பாருங்கள், காய்ந்தால் குழாய்தான். அதைச் சரிசெய்யாமல் கல் பதித்தால் முதல் மழையிலேயே உள்வாங்கும். பாதையை இரண்டு அங்குலம் உயர்த்தி, பக்கத்தில் ஆழமில்லாத வாய்க்கால் விடுங்கள். தண்ணீர் மரத்துக்குப் போகட்டும்.

தாம்பரம்வாசி:
நிறுத்தினோம். காய்ந்துவிட்டது. முள்கம்பிக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் பிளம்பரை அழைத்திருக்கிறேன். செயலாளர் இன்னும் என்னிடம் பேசவில்லை.